கேமரா வாங்கும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆனவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் கேமராவாகத்தான் இருக்கிறது. மணப்பாறையில் என்னிடம் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்க வருபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பதும் இந்தக் கேள்வியில்தான். "சார், எத்தனை மெகா பிக்ஸல் கேமரா வாங்கலாம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கேமரா வாங்க முடியாது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று தீர்மானிக்க உதவும் தகவல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம். முதலில் மெகா பிக்ஸல் விஷயத்தை முடித்துவிடுவோம்.

மெகா பிக்ஸல் எவ்வளவு போதும்?

ஒரு மெகா பிக்ஸல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். ஸ்டுடியோவில் கழுவித் தரும் 6க்கு 4 இன்ச் படத்தை, இன்ச்சுக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில் அச்சிட 1800 x 1200 புள்ளிகள் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 21.6 லட்சம். அதாவது இரண்டு மெகா பிக்ஸலுக்குச் சற்று மேல். உங்கள் மேஜையில் இருக்கும் ஃபுல் எச்.டி. மானிட்டர் 1920 x 1080 புள்ளிகள் கொண்டது. அதுவும் இரண்டு மெகா பிக்ஸல்தான். 18க்கு 12 இன்ச் அளவில் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட, இன்ச்சுக்கு 200 புள்ளிகள் என்று வைத்தால் 8.64 மெகா பிக்ஸல் போதும்.

இன்று கடையில் கிடைக்கும் எந்தக் கேமராவும், உங்கள் கையில் இருக்கும் செல்போனும்கூட, இந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. எனவே மெகா பிக்ஸல் எண்ணைப் பார்த்து வாங்கும் காலம் முடிந்துவிட்டது. 2003ல் கேனன் ஈஓஎஸ் 300டி வந்தபோது அதில் 6.3 மெகா பிக்ஸல் இருந்தது. அன்று அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. இன்று படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை சென்ஸாரின் பரப்பளவு, லென்ஸ், வெளிச்சம் ஆகிய மூன்றும்தான்.

சென்ஸார் என்பது பழைய கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் இருக்கும் சில்லு. ஃபுல் ஃபிரேம் எனப்படுவது 36 x 24 மி.மீ. ஏபிஎஸ்-சி என்ற வகை சுமார் 23.5 x 15.6 மி.மீ. ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இருப்பது இதுதான். லென்ஸைக் கழற்ற முடியாத, "60 மடங்கு ஜூம்" என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டு வரும் கேமராக்கள் பலவற்றில் இருப்பது சுமார் 6.2 x 4.6 மி.மீ. அளவுள்ள சில்லு. பரப்பளவைக் கணக்கிட்டால் ஏபிஎஸ்-சி அதைவிடக் கிட்டத்தட்ட 13 மடங்கு பெரியது. வெயிலில் எடுத்தால் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் எடுத்து மானிட்டரில் பார்த்தால் உடனே தெரியும். சின்னச் சில்லில் எடுத்த படம் ரவை கொட்டியதுபோல் இருக்கும்.

சீட்டுப் பணம் நாற்பதாயிரம்

இனி நிஜமான ஒரு உதாரணத்தை வைத்துப் பேசினால்தான் புரியும். என் சித்தப்பா மகன் முறுக்கு வியாபாரத்தில் இருக்கிறான். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மணப்பாறை முறுக்குதான். கணக்கு எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். அதில் தன் செல்போன் படங்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தவனுக்குப் போட்டோ ஆசை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை மாலையே வண்டிகள் வர ஆரம்பித்துவிடும். புதன் காலையில் கூட்டம் நெரியும். இவன் அங்கே போய்ப் படம் எடுத்துவந்து காட்டுவான். காளை வளர்ப்பவர்கள் சிலர், "நம்ம காளைய நல்லா பெருசா ஒரு படம் எடுத்துக் குடுப்பா" என்று கேட்கத் தொடங்கினார்கள். பணம் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.

ஒருநாள் வந்தான். "அண்ணே, சீட்டு எடுத்துட்டேன். நாப்பதாயிரம் இருக்கு. 300 வரைக்கும் ஜூம் இருக்கற லென்ஸோட ஒரு கேமரா பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

சீட்டு எடுத்துவிட்டான் என்றால் இன்னும் பல மாதம் தவணை கட்ட வேண்டும். கேமரா சரியாக அமையாவிட்டால் அது பீரோவில் தூங்கும். தவணை மட்டும் மாதா மாதம் ஓடும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "இதுவரை போனில் எடுத்த சந்தைப் படம் எல்லாவற்றையும் இதில் போட்டுக் கொண்டு வா" என்றேன்.

படத்துக்குள் இருக்கும் குறிப்பு

செல்போனோ கேமராவோ, ஒவ்வொரு படத்தை எடுக்கும்போதும் அதனுடன் ஒரு குறிப்பையும் எழுதிவைக்கிறது. இதற்கு எக்ஸிஃப் தகவல் என்று பெயர். எந்த நேரத்தில் எடுத்தது, எந்த லென்ஸ் நீளம், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, ஐ.எஸ்.ஓ. எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். ஒரு படத்துக்கு மட்டும் பார்க்க, ஃபைலின் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' தேர்ந்தெடுத்து, 'டீட்டெயில்ஸ்' என்ற டேபுக்குச் செல்லுங்கள். கீழே இறங்கினால் 'கேமரா' என்ற தலைப்பில் எல்லாம் வரிசையாக இருக்கும்.

ஆனால் நமக்கு ஒரு படம் போதாது. நூற்றுக்கணக்கான படங்களை ஒரே பார்வையில் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இதற்கு வசதி இருக்கிறது. தனியாக எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம்.

படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'டீட்டெயில்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் பட்டியலாக மாறும். மேலே 'நேம்', 'டேட்', 'டைப்' என்று தலைப்புகள் இருக்கும். அந்தத் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து, வரும் மெனுவின் கடைசியில் உள்ள 'மோர்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். நீளமான ஒரு பட்டியல் திறக்கும். அதில் '35எம்எம் ஃபோக்கல் லெங்த்', 'எக்ஸ்போஷர் டைம்', 'எஃப்-ஸ்டாப்', 'ஐஎஸ்ஓ ஸ்பீட்' ஆகிய நான்குக்கும் டிக் அடித்து ஓகே கொடுங்கள். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் எதிரே இந்த நான்கு எண்களும் தெரியும். எந்தத் தலைப்பின் மேல் கிளிக் செய்கிறீர்களோ அந்த எண்ணின்படி படங்கள் வரிசையாகும்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுவதோடு இந்தக் குறிப்பும் நீங்கிவிடும். அதனால்தான் பென் டிரைவ் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். குறிப்பு அப்படியே வரும்.

எண்கள் என்ன சொல்லின?

தம்பியின் படங்களை '35எம்எம் ஃபோக்கல் லெங்த்' தலைப்பில் வரிசைப்படுத்தினோம். முக்கால்வாசிக்கு மேல் போனின் சாதாரண லென்ஸில், அதாவது 24 மி.மீ. அளவில் எடுத்தவை. மீதியில் பெரும்பாலானவை இரண்டு மடங்கு ஜூமில், 50க்குப் பக்கத்தில். அதைத் தாண்டிய படங்கள் விரல்விட்டு எண்ணலாம். காரணம் யோசித்தால் எளிது. சந்தையில் மாடு உங்களுக்கு ஐந்தடி பத்தடி தூரத்தில் நிற்கிறது. பின்னால் நகர இடம் கிடையாது. 300 மி.மீ. லென்ஸை மாட்டினால் மாட்டின் ஒரு கண்ணைத்தான் எடுக்கலாம்.

அடுத்து, நன்றாக வராத படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு 'எக்ஸ்போஷர் டைம்' பார்த்தோம். 1/17, 1/20, 1/25 வினாடி. பெரும்பாலும் விடிவதற்கு முன், லாரி விளக்கிலும் டியூப் லைட்டிலும் எடுத்தவை. 1/20 வினாடி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் மாடு தலையை ஆட்டிவிடுகிறது. படம் கலங்கிவிடுகிறது. தம்பி இதை "மெகா பிக்ஸல் பத்தல" என்று நினைத்திருந்தான். எண் வேறு கதை சொன்னது. அவனுக்குத் தேவைப்பட்டது அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ்.

லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் திறக்கிறது என்பதை எஃப் எண் சொல்கிறது. எண் சிறியதானால் திறப்பு பெரிது. கேமராவுடன் சேர்த்துத் தரும் 18-55 லென்ஸில், 35 மி.மீ. அளவில் சுமார் எஃப் 4.5தான் கிடைக்கும். தனியாக விற்கும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றில் எஃப் 1.8 கிடைக்கும். வெளிச்ச வித்தியாசத்தை அறிய, பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து, விடையை அதே விடையால் பெருக்குங்கள். 4.5 வகுத்தல் 1.8 என்பது 2.5. அதன் வர்க்கம் 6.25. அதாவது ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சம். 1/20 வினாடி வேண்டிய இடத்தில் 1/125 வினாடி போதும். தலையாட்டும் மாடு 1/125ல் நின்றுவிடும். (தை மாதத்தில் வாடிவாசலில் பாயும் காளைக்கு இது காணாது. அதற்கு 1/1000 வேண்டும். ஆனால் அது பட்டப்பகல் வேலை, வெளிச்சம் கிடைக்கும்.)

ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 52க்குச் சமம். தம்பி இரண்டு மடங்கு ஜூமில் எடுத்துப் பழகிய அதே கோணம். பத்தடிக்குள் ஒரு காளையை நிறுத்தித் தனியாக எடுக்க இதுதான் தோது. கூட்டத்தை அகலமாக எடுக்க 18-55 லென்ஸின் 18 இருக்கிறது. 300 மி.மீ. பேச்சு அத்துடன் முடிந்தது.

உங்கள் படங்கள் வேறு கணக்கைக் காட்டலாம். விராலிமலைக்குப் போய் மயிலை எடுப்பவருக்கு 300 மி.மீ. கட்டாயம் வேண்டும். ஸ்ரீரங்கம் அருகே மேலூரில் 2015ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அடிக்கடி போகிறவர் மேக்ரோ லென்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987ல் கட்டி முடிக்கப்பட்டது, உயரம் 236 அடி, சுமார் 72 மீட்டர். ஏபிஎஸ்-சி கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 50 மி.மீ. லென்ஸில் அடி முதல் நுனிவரை அடக்க வேண்டுமானால் 140 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். 18 மி.மீ. என்றால் 35 மீட்டரே போதும், அண்ணாந்து எடுப்பதால் கோபுரம் மேலே குறுகித் தெரியும் என்பதுதான் குறை. இதுபோல நீங்கள் அதிகம் எடுக்கும் பொருளை வைத்து லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர் வைத்திருப்பதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கடவூர் பக்கம் தேவாங்கு எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு 2022ல் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். அது இரவில் நடமாடும் பிராணி. ஃபிளாஷ் அடித்தால் அதன் கண்ணுக்குத் துன்பம். ஆகவே கேமரா வாங்கிய கையோடு இதற்குக் கிளம்ப வேண்டாம்.

ஒட்டுப் போட்ட கேமரா

சாதனத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912ல் பிறந்து 1996ல் மறைந்தவர். காட்டுயிர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் எழுதியவர், படம் எடுத்தவர். 1960ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பயன்படுத்திய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், வேறு எங்கிருந்தோ வந்த உதிரிகள் எல்லாவற்றையும் தானே இணைத்து வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டியிருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலில் கிடைக்கின்றன. விலங்கின் அருகில் எப்படிப் பொறுமையாக இருப்பது என்று தெரிந்துகொள்ள, கேமரா விளம்பரங்களைவிட அந்தப் புத்தகம் உதவும்.

பழையது வாங்கலாமா?

தம்பிக்குப் புதிய மிரர்லெஸ் கேமராவும் லென்ஸும் நாற்பதாயிரத்தில் அடங்கவில்லை. எனவே பழைய டி.எஸ்.எல்.ஆர். பக்கம் திரும்பினோம். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். கேனன், நிக்கான் இரண்டு கம்பெனிகளும் 2018ல் தங்கள் புதிய மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. 2020க்குப் பிறகு இரண்டுமே புதிய டி.எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் வெளியிடவில்லை. ஆகவே பலர் பழையதை விற்றுவிட்டு மாறுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள கேமராக்கள் விற்பனைக்கு வருகின்றன. புது மாடல் வராது என்பது உண்மைதான். ஆனால் சந்தையில் மாடு எடுக்க அது தடையில்லை.

நாங்கள் பார்த்தது நிக்கான் டி5300. 2013ல் வந்த மாடல், ஏபிஎஸ்-சி சென்ஸார், 24 மெகா பிக்ஸல். விற்றவர் திருச்சியில் கல்யாணப் படங்கள் எடுப்பவர். இங்கேதான் கம்ப்யூட்டர் மறுபடியும் உதவியது.

கேமராவின் ஷட்டர் இத்தனை முறை திறந்து மூடும் என்று ஒரு ஆயுள் கணக்கு உண்டு. இந்த வகைக் கேமராவுக்கு அது சுமார் ஒரு லட்சம். வண்டிக்கு ஓடிய கிலோமீட்டர் பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும். நிக்கான் கேமராக்கள் இந்த எண்ணைப் படத்தின் எக்ஸிஃப் குறிப்பிலேயே எழுதிவிடுகின்றன. விண்டோஸின் 'பிராப்பர்ட்டீஸ்' இதைக் காட்டாது. 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவச சாஃப்ட்வேர் காட்டும். உங்கள் மெமரி கார்டை எடுத்துப்போய், அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்து, லேப்டாப்பில் திறந்து 'ஷட்டர் கவுன்ட்' என்ற வரியைப் பாருங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. கேனனின் பல மாடல்களில் இந்த எண் படத்தில் எழுதப்படுவதில்லை. அப்போது கேமராவின் தேய்மானத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

லென்ஸைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்த லென்ஸ் வேண்டாம். இரண்டொரு தூசி இருந்தால் பரவாயில்லை. அடுத்து ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 16ல் எடுத்து மானிட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்ஸாரில் தூசி. சுத்தம் செய்துகொள்ளலாம், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, சார்ஜர் சொந்தக் கம்பெனியுடையதா என்றும் பாருங்கள். முதலில் வாங்கியபோது கொடுத்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாத கேமரா எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது.

நிக்கான் வாங்குபவர்களுக்கு மட்டும் இன்னொன்று. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று போட்டிருந்தால் மோட்டார் உண்டு. வெறும் 'ஏஎஃப்' அல்லது 'ஏஎஃப் டி' என்றால் கிடையாது. பழைய 50 மி.மீ. 'டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்து, ஃபோகஸ் ஆகவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. தம்பி வாங்கியது ஏஎஃப்-எஸ் 35 மி.மீ. எஃப் 1.8. நாளைக்கு நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ் வாங்கினாலும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு இதே லென்ஸை ஆட்டோஃபோகஸுடன் பயன்படுத்தலாம். கேனனில் இப்படிப் பார்க்க வேண்டியது, 'ஈஎஃப்-எஸ்' லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் பொருந்தாது என்பது.

பாடி, 18-55, 35 மி.மீ. லென்ஸ் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. மீந்த பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன். அவன் கேமரா பை வாங்கலாம் என்றான். பைக்கு ஒரு பழைய துண்டும் துணிப்பையும் போதும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வைக்க, முறுக்கு நமத்துப்போகாமல் இருக்க அவன் வைத்திருக்கும் அதே காற்றுப் புகாத டப்பா ஒன்றை எடுத்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுக் கேமராவை வைத்தோம். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

கார்டும் காப்பியும்

மெமரி கார்டில் போலிகள் அதிகம். 64 ஜி.பி. என்று போட்டிருக்கும், உள்ளே 8 ஜி.பி.தான் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டாலும் 64 என்றே காட்டும். எட்டைத் தாண்டிய பிறகு எடுக்கும் படங்கள் காணாமல் போகும். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச சாஃப்ட்வேர் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதிய கார்டு வாங்கியவுடன், ஒரு படம்கூட எடுப்பதற்கு முன், இதை ஓட்டுங்கள். (நல்ல 64 ஜி.பி. கார்டும் விண்டோஸில் 59.6 ஜி.பி. என்றுதான் காட்டும். கம்பெனிக்காரர் ஆயிரத்தில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ல் கணக்கிடுகிறது. அது குறையில்லை.) பழைய கார்டு ரீடர்கள் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளைப் படிக்காமல் போகலாம். அப்போது கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மேட் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

சந்தையிலிருந்து வந்தவுடன் படங்களை கம்ப்யூட்டரில் காப்பி செய்யுங்கள். 'கட்' கொடுக்காதீர்கள், 'காப்பி' கொடுங்கள். பாதியில் மின்சாரம் போனால் 'கட்' கொடுத்தவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். ஃபோல்டருக்கு ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். 2025-01-22 சந்தை என்பதுபோல் வைத்தால் விண்டோஸ் தானாகவே தேதி வரிசையில் அடுக்கிவிடும். பிறகு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் இரண்டாவது காப்பி. அதுவும் முடிந்த பிறகுதான் கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும். கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் போட்ட காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. இப்போது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி.தான் இலவசம். 24 மெகா பிக்ஸல் 'ரா' ஃபைல்கள் ஒவ்வொன்றும் இருபது, முப்பது எம்.பி. வரை இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆரம்பத்தில் ஜேபெக் போதும். திருத்தம் செய்யப் பழகிய பிறகு 'ரா'வுக்கு வரலாம். அதற்கு 'டார்க்டேபிள்', 'ராதெரபி' ஆகிய இரண்டும் இலவசம். வெறுமனே பார்க்கவும் அளவைக் குறைக்கவும் 'இர்ஃபான்வியூ' வேகமானது. பலருக்குப் பழக்கமான பிகாசாவை கூகுள் 2016ல் நிறுத்திவிட்டது.

யாரிடம் கேட்பது?

உங்கள் ஊர் ஸ்டுடியோக்காரரிடம் முதலில் கேளுங்கள். ஒன்று செய்யுங்கள்: படம் அச்சிடக் கொடுக்கும்போது, கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போய், ஒரு படத்தைக் காட்டி "இது ஏன் மஞ்சளாக வந்திருக்கிறது?" என்பதுபோல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எந்தக் கேமரா நல்லது?" என்று கேட்டால் அவர் வைத்திருப்பதைச் சொல்வார். குறிப்பிட்ட படத்தைக் காட்டிக் கேட்டால் அவருடைய அனுபவம் வெளியே வரும். சென்னைக்குப் போய்வருகிறவர்களுக்கு மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி இருக்கிறது. 1857ல் தொடங்கப்பட்டது, பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கானது.

அது தொடங்கிய அதே காலத்தில்தான் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராஃபராக நம் பக்கம் வந்தார். 1858ல் அவருடைய திருச்சிராப்பள்ளிப் படங்களும் ஸ்ரீரங்கம் படங்களும் தனித்தனித் தொகுப்புகளாக வெளிவந்தன. மெழுகு பூசிய பெரிய காகித நெகடிவ்களில் எடுத்தார். அந்த நெகடிவில் வானம் வெறுமையாக வந்ததால் சிலவற்றில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். இன்று எடிட்டிங் சாஃப்ட்வேரில் வானத்தை மாற்றுவதை ஏமாற்று என்று கோபப்படுகிறவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. மலைக்கோட்டையை எங்கிருந்து எடுத்திருக்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று அந்தப் படங்களைப் பார்த்து நானும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினோம். பல அருங்காட்சியகங்கள் அவற்றைப் பெரிய அளவில் இணையத்தில் வைத்திருக்கின்றன.

கேமராவுடன் கோயிலுக்குப் போகும் முன் அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. சந்தையில் அப்படி விதி எதுவும் இல்லை என்றாலும், மாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கண் படும் என்று சிலர் விரும்பமாட்டார்கள். ஃபிளாஷைக் கண்டிப்பாக அணைத்துவிடுங்கள், மாடு மிரண்டு கயிற்றை அறுத்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து.

தம்பி இப்போது 35 மி.மீ. லென்ஸில், எஃப் 2.2, 1/125 வினாடி, ஐ.எஸ்.ஓ. 3200 என்று வைத்துச் சந்தைக்குப் போகிறான். விடிந்ததும் ஐ.எஸ்.ஓ.வை 400க்குக் குறைத்துவிடுகிறான். 12க்கு 8 இன்ச்சில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, அடுத்த புதன்கிழமை காளைக்காரரிடம் கொடுக்கிறான். இந்த மாதச் சீட்டுத் தவணையில் பாதி அதிலிருந்து வந்தது.